மின்சைக்கிளை எடுக்கும் முன் நீங்கள் எதைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்?

ஈசூன் காலைஷிப்ட்:

வணக்கம். போன வாரம் எனக்கு நடந்ததை எழுதிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பது சிங்கப்பூரில், வீடு ஈசூனில், வேலை செனோக்கோவில். காலை ஷிப்ட் என்றால் ஐந்தரைக்கே கீழே இறங்கிவிடுவேன். இரண்டு வருடமாக மின்சைக்கிள்தான். மடக்குகிற மாடல், 20 அங்குலச் சக்கரம், பின்சக்கரத்தில் மோட்டார், கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக். உங்களில் பலரிடம் இருப்பதும் இதுவாகத்தான் இருக்கும். அன்று விடியற்காலை மழை அடித்து ஓய்ந்திருந்தது. கம்பாஸ் அவென்யூ பக்கம் சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் பிரேக் பிடித்தேன், முன் லீவர் நேராகக் கைப்பிடியில் வந்து முட்டியது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக் பிடித்தது, ஆனால் பதற்றத்தில் கால் பெடலை ஒரு சுற்று அழுத்திவிட்டது போல, மோட்டார் பின்னாலிருந்து தள்ளியது. நான் நின்றபோது கோட்டைத் தாண்டியிருந்தேன். எதிரே திரும்பிய சிமெண்ட் லாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. லாரிக்காரர் ஹாரன் கூட அடிக்கவில்லை, அவருக்கும் நேரம் இருந்திருக்காது.

வேலையிடத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துப் பார்த்தால் முன் பிரேக்கில் டிஸ்க் தட்டை அழுத்தும் பேட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. இது ஒரே ராத்திரியில் ஆனதில்லை. பல வாரம் தேய்ந்திருக்கிறது, பல வாரம் அதே லீவரை அதே கையால் பிடித்திருக்கிறேன். தினமும் கிளம்பும்போது திரையில் பேட்டரி எத்தனை கோடு என்று மட்டும் பார்ப்பேன். திரையில் பிரேக் தெரியாது, டயர் தெரியாது, மடிப்புப் பூட்டு தெரியாது. இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

கேள்வி இதுதான். இணையத்தில் தேடினால் முப்பது அம்சப் பட்டியல் கிடைக்கிறது. காலை ஐந்தரைக்கு, பாதித் தூக்கத்தில், யாரும் முப்பது பார்க்கப்போவதில்லை. இரண்டு நிமிடம் என்றால் கையால் எதையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும்?

செங்காங் இரவோட்டம்:

அண்ணே, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும்.

நான் உணவு விநியோகம் செய்கிறேன், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சேடிலில்தான். நான் பார்ப்பது டயர், பிரேக், விளக்கு. டயரைக் கட்டை விரலால் அழுத்துவேன், பின் டயரை இரண்டு தடவை, ஏனென்றால் மோட்டார், பேட்டரி, சாப்பாட்டுப் பை, நான் என்று எல்லா எடையும் பின்னால்தான். காற்று குறைந்தால் குழியில் விழும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும், அதைவிட மோசம், வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். காற்றழுத்தம் எவ்வளவு பிஎஸ்ஐ என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள், பக்கத்து வண்டிக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

பின்பக்கச் சிவப்பு விளக்கை நான் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது. அதனால் அடுக்குமாடி புளோக் கீழே சுவர் பக்கம் பின்புறத்தைத் திருப்பி, சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

பட்டறைக்காரன்:

நான் சைக்கிள் பழுது பார்ப்பவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். தம்பிக்கு நடந்ததில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. அதை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் அடுத்த முறையும் ஒன்று தப்பிவிடும்.

முதலாவது பேட். இந்த வகைக் கேபிள் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும். மறுபக்கத்துப் பேட் நிலையாக நிற்கும், நகரும் பேட் டிஸ்க்கை வளைத்து அதன்மேல் அழுத்தும். தேயத் தேய லீவர் தொளதொளவென்று வரும். உடனே எல்லாரும் என்ன செய்கிறார்கள்? லீவர் பக்கம் இருக்கும் சிறு திருகைத் திருப்பிக் கேபிளை இறுக்கிவிடுகிறார்கள். லீவர் கெட்டியாகிவிடும், மனசுக்கும் நிம்மதி. ஆனால் பேட் அப்படியேதான் தேய்ந்து கிடக்கிறது. நிலையான பேட்டை உள்பக்கத் திருகால் டிஸ்க் பக்கம் தள்ளவும் இல்லை. இப்படி மூன்று தடவை இறுக்கிய பிறகு நான்காவது தடவை இறுக்க இடமே இருக்காது, அன்றைக்குத்தான் லீவர் கைப்பிடியில் முட்டும். மழைக்காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும், ஈரத்தோடு மணலும் சேர்ந்து பேட்டை அரைத்துவிடும். ஆகவே லீவர் கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கைப்பேசி விளக்கை அடித்து, டிஸ்க்குக்கு இரண்டு பக்கமும் பேட்டின் கருப்புப் பகுதி எவ்வளவு மிச்சம் என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று, செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது டிஸ்க் மேல் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் போச்சு. ஸ்ப்ரே வேண்டாம், சொட்டு சொட்டாக விடுங்கள்.

இரண்டாவது, இதுதான் சாதாரண சைக்கிளில் இல்லாத விஷயம். பிரேக் லீவரைப் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் பல வண்டிகளில் லீவருக்குள்ளேயே இருக்கும். அது வேலை செய்திருந்தால், தம்பி பெடலை எவ்வளவு மிதித்திருந்தாலும் மோட்டார் தள்ளியிருக்காது. சோதிப்பது சுலபம். சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரம் தரையில் படாமல் தூக்குங்கள், திரையை ஆன் செய்து மோட்டார் உதவியைக் குறைந்த நிலையில் வையுங்கள், கையால் பெடலைச் சுற்றுங்கள், மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் லீவரை லேசாக, பேட் டிஸ்க்கில் படாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். மோட்டார் சட்டென்று ஓய வேண்டும். இடது லீவர் ஒரு முறை, வலது லீவர் ஒரு முறை. விரலையும் கால்சட்டை நுனியையும் ஸ்போக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லீவரில் சுவிட்ச் ஒயரே இல்லாத வண்டி என்றால், பெடலை நிறுத்திய பிறகு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பெடலைச் சுற்றுவதைக் காந்தத்தால் உணரும் வண்டிகளில் கால் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளும்.

சிக்னலில் நிற்கும்போது காலைப் பெடலில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும் பழக்கத்தை விடுங்கள். பச்சை விழும் முன்பே வண்டி எகிறும். கால் தரையில், விரல் பிரேக்கில்.

துவாஸ் விடுதி:

சார் சொன்னது போல என் வண்டியில் செய்து பார்த்தேன், இடது லீவர் பிடித்தால் மோட்டார் நிற்கிறது, வலது பிடித்தால் நிற்கவில்லை. ரொம்ப நன்றி. இது தெரியாமலே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் விடுதியில் ஒரே சைக்கிளை இரண்டு பேர் மாற்றி மாற்றி எடுப்போம், அவர் உயரம், நான் குள்ளம். ஒவ்வொரு தடவையும் சீட்டை ஏற்றி இறக்குவது, மடக்கி லாரியில் வைப்பது, திரும்ப விரிப்பது என்றே இருக்கும். ஒருநாள் ஹேண்டில்பார் கம்பத்தின் பூட்டு முழுசாக விழாமல் பாதியில் நின்றிருக்கிறது. பார்த்தால் பூட்டியது போலத்தான் தெரியும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பத்தடி போவதற்குள் ஹேண்டில் முன்னால் சாய்ந்து, நான் அதன்மேல் விழுந்து, உதட்டில் நான்கு தையல். நல்லவேளை அது சாலை இல்லை, விடுதி வாசல்.

அதிலிருந்து ஒரே வழக்கம். ஏறும் முன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவேன். கம்பத்துப் பூட்டிலோ நடுச்சட்டத்துக் கீலிலோ ஆட்டம் இருந்தால் கைக்கு உடனே தெரியும், டக் டக் என்று சத்தமும் வரும். அப்புறம் சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. உயரமானவர்கள் இதைக் கவனியுங்கள், கோடு வெளியே தெரிந்தால் உள்ளே பிடிப்பு பற்றாது.

பட்டறைக்காரன்:

துவாஸ் தம்பி, அந்த ஆட்டிப் பார்க்கிற சோதனை மிக நல்லது. மடக்கு சைக்கிளில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன், பிரேக்குக்கும் முன்னால். பிரேக் போனால் இன்னொரு பிரேக் இருக்கிறது, ஹேண்டில் போனால் வேறு ஒன்றும் இல்லை. வலது லீவரை ஒத்திப்போடாமல் சரி பண்ணுங்கள். பெரும்பாலும் லீவருக்குப் பக்கத்திலுள்ள ஒயர் இணைப்பில் தண்ணீர் போயிருக்கும்.

பொங்கோல் பார்வதி:

எல்லாரும் சாலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் தினமும் ராத்திரி படுக்கும் முன் பேட்டரியைச் சார்ஜில் போட்டு, அதையும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு, தூங்கப் போய்விடுகிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு நடக்க முடியாது. தீப்பிடித்தால் எந்த வழியாக அவரைக் கொண்டுபோவது? சொன்னால் "நம்முடையது அனுமதி பெற்ற வண்டி, ஒன்றும் ஆகாது" என்கிறார். 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்து ஒருவர் இறந்தார், 2021 ஜூனில் உட்லண்ட்ஸில் லிஃப்டுக்குள்ளேயே எரிந்து 20 வயதுப் பையன் போய்விட்டான். இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா?

செங்காங் இரவோட்டம்:

அக்கா, பயம் நியாயம்தான், ஆனால் ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் நிலைமையையும் பாருங்கள். இரவு பதினொன்றுக்கு வீட்டுக்கு வருகிறேன், காலை பத்துக்குத் திரும்ப வேண்டும். தூங்கும்போது போடாமல் எப்போது போடுவது? நல்ல பேட்டரி தானாக நிறுத்திக்கொள்ளுமே.

பொங்கோல் பார்வதி:

தானாக நிறுத்தும் என்றால் ஏன் தம்பி தீயணைக்க வரும் குடிமைத் தற்காப்புப் படை ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள், வெளியேறும் வழியில் வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது?

பட்டறைக்காரன்:

அக்கா சொல்வதுதான் சரி. தானாக நிறுத்தும் சுற்று உள்ளே இருப்பது உண்மை, ஆனால் அது சரியாக இருக்கும்வரைதான் அது காப்பாற்றும். கீழே விழுந்த பேட்டரி, தண்ணீர் குடித்த பேட்டரி, யாரோ பிரித்து செல் மாற்றிய பேட்டரி, இதிலெல்லாம் அந்தச் சுற்றை நம்ப முடியாது. லித்தியம் செல் எரிய ஆரம்பித்தால் ஒன்று பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. நிமிடக் கணக்கில் அறை முழுக்கப் புகை. அதைத் தூங்கிக்கொண்டிருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

செங்காங் தம்பிக்கு ஒரு கணக்கு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் காலியிலிருந்து நிறைய ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். நீங்கள் தினமும் அடியோடு காலி செய்வதில்லை. காலை எழுந்ததும் போட்டு, குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும்வரை வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும், பாதி ஏறிவிடும். கண்ணெதிரே ஏறட்டும். சமதளமான கெட்டித் தரையில் வையுங்கள், மெத்தை, திரைச்சீலை, அட்டைப்பெட்டி பக்கத்தில் வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்த உடனே செருகாதீர்கள், தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும்.

சார்ஜரைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள், தயவுசெய்து. 36 வோல்ட் பேட்டரிக்குள் வரிசையாக 10 செல், ஒவ்வொன்றும் நிறைந்தால் 4.2 வோல்ட், ஆக சார்ஜரில் 42 வோல்ட் என்று இருக்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரிக்கு 13 செல், அதன் சார்ஜர் 54.6 வோல்ட். இரண்டுக்கும் முனை ஒரே மாதிரி இருக்கலாம், தாராளமாகச் செருகும். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் சார்ஜரில் வண்ண நாடா சுற்றி அடையாளம் வையுங்கள். பாதுகாப்புக் குறி இல்லாத சார்ஜரை வாங்கவே வேண்டாம்.

வண்டி எடுக்கும் முன் பேட்டரியில் பார்க்க வேண்டியது கோடு எண்ணிக்கை இல்லை. கையால் இழுத்துப் பாருங்கள், பூட்டில் உட்கார்ந்திருக்கிறதா, சாவி திரும்புகிறதா. உறை எங்காவது உப்பியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, முனையில் கருகிய தடம், வித்தியாசமான வாடை வருகிறதா. ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஓட்டவும் வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம்.

செங்காங் இரவோட்டம்:

சரி அண்ணே. காலையில் போட்டுப் பார்க்கிறேன். என்னிடம் இணையத்தில் மலிவாக வாங்கிய இரண்டாவது பேட்டரி ஒன்று இருக்கிறது, அதன் மேல் எந்தக் குறியும் இல்லை, பெயர்கூட இல்லை. இதைப் படித்த பிறகு அதை வீட்டுக்குள் வைக்கவே மனசு வரவில்லை.

வேகம்35:

எல்லாம் சரி, ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சாலையில் வண்டிகளோடு ஒட்டிப் போகலாம், அதுதான் உண்மையான பாதுகாப்பு என்பது என் கருத்து. மெதுவாகப் போவதால்தான் பின்னால் வரும் பேருந்து நெருக்குகிறது.

ஈசூன் காலைஷிப்ட்:

நண்பரே, போன வாரத்துக்கு முன் இதைப் படித்திருந்தால் பாதி ஒத்துக்கொண்டிருப்பேன். இப்போது முடியாது. 25-இல் போன எனக்கே ஒரு கை நீளம்தான் மிச்சம். 35-இல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நிற்கும் தூரமும் கிட்டத்தட்ட அப்படித்தான், பேட் அதே பேட். நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

பட்டறைக்காரன்:

வேகம் கூட்டக் கேட்டு என்னிடம் வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர், 20 கிலோ எடை, மிதித்தால் மட்டுமே மோட்டார். ஒயரும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரும் பேட்டரியும் அந்த அளவுக்குத்தான் போட்டிருக்கிறது. அதிக மின்சாரம் இழுத்தால் முதலில் சூடாவது நீங்கள் பார்க்க முடியாத இணைப்புதான். பொங்கோல் அக்கா பயப்படுகிறாரே, அந்தத் தீக்கு இது நேர் வழி.

புதுசா வாங்குறேன்:

நான் இரண்டாம் கையாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பிடோக்கில். என்ன பார்க்க வேண்டும்?

செங்காங் இரவோட்டம்:

சட்டத்தில் ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரை ஒட்டியிருக்கிறதா, பின்னால் பதிவெண் தகடு இருக்கிறதா, அது விற்பவர் பெயரில் இருக்கிறதா. உங்கள் பெயருக்கு மாற்றாமல் ஓட்டாதீர்கள். கைப்பிடியில் முறுக்குவதற்கோ கட்டை விரலால் அழுத்துவதற்கோ மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் த்ராட்டில் வைத்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். உங்களுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், 2022-இலிருந்து இணையத்தில் கோட்பாட்டுத் தேர்வும் தேற வேண்டும். நடைபாதையில் ஓட்டக்கூடாது. சாலையில் தலைக்கவசம் கட்டாயம்.

பட்டறைக்காரன்:

பின்சக்கர அச்சு நட்டைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் உள்ள சக்கரம் அச்சைத் திருப்பப் பார்த்துக்கொண்டே இருக்கும், நட்டு தளர்ந்தால் அச்சு சுற்றி ஒயரை அறுத்துவிடும். எல்லாருக்கும் சொல்கிறேன், பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டால், மறுநாள் காலை அந்த நட்டை ஸ்பேனரால் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், நான் ஒட்டியிருந்தாலும் சரி.

ஈசூன் காலைஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாளாக நான் செய்வதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

லிஃப்டிலிருந்து இறங்கியதும் திரையை ஆன் செய்வதில்லை, அதைக் கடைசியில் வைத்துவிட்டேன். முதலில் மடிப்புப் பூட்டு இரண்டையும் விரலால் தொடுகிறேன், முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டுகிறேன். பின் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளுகிறேன், சக்கரம் உருளக்கூடாது. இரண்டு டயரையும் அழுத்துகிறேன். பேட்டரியை இழுத்துப் பார்க்கிறேன். பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டுகிறேன். அப்புறம் பிரேக்கைப் பிடித்தபடியே திரையை ஆன் செய்து, புளோக்குக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள இடத்தில் மெதுவாக மிதித்து ஒருமுறை நிற்கிறேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பேட், அச்சு நட்டு, மோட்டார் துண்டிப்பு மூன்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு. முன் பேட் மாற்றியாகிவிட்டது. என் வண்டியில் துண்டிக்கும் சுவிட்சின் ஒயர் லீவர் அடியில் கழன்றே கிடந்தது, அதையும் செருகிவிட்டேன்.

இன்னொன்று. இன்று காலை பின் டயரை அழுத்தும்போது கை ஸ்போக்கில் பட்டது, ஒன்று மட்டும் ஆடியது. மற்றதைத் தட்டினால் டிங் என்கிறது, இது சத்தமே இல்லை. விளக்கடித்துப் பார்த்தால் மோட்டார் பக்கத்து முனையில் அறுந்திருக்கிறது. 32-இல் ஒன்றுதானே, அப்படியே ஓட்டலாமா?

பட்டறைக்காரன்:

வேண்டாம் தம்பி. ஒன்று போனால் அதன் பாரம் இரண்டு பக்கத்து ஸ்போக்குக்கும் போகும், அடுத்து அவை அறும், ரிம் கோணும். மோட்டார் பக்கம் அறுந்திருந்தால் மற்றவையும் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து ஒரே இழுவைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஈசூன் காலைஷிப்ட்:

சரிங்க அண்ணே. இன்றைக்குப் பேருந்தில் வந்துவிட்டேன். சைக்கிள் புளோக் கீழே பூட்டியிருக்கிறது, ஷிப்ட் முடிந்ததும் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விடுகிறேன்.